சப்1ஏ ஜீன் தேடினா வரவே இல்ல, அவசரம்

வயல்வரப்பு: சப்1ஏ ஜீனை (நெல் வெள்ளம் தாங்க உதவுறது) ரெண்டு நாளா தேடுறேன், கிடைக்கல. பிளாஸ்ட் (ஒத்த வரிசை தேடுற கருவி) போட்டா 9ஆம் குரோமோசோம்ல வேற ரெண்டு ஜீன் வருது. நாளைக்கு பிரைமர் (பிசிஆர்ல ஜீனைப் பிடிக்கிற குட்டி டிஎன்ஏ துண்டு) ஆர்டர் போகணும். டேட்டாபேஸ்ல கோளாறா?

நாற்றங்கால்: எந்தத் தளம்? எந்த ரகத்தோட ஜீனோம்? கொடுத்தது சிடிஎஸ்ஸா (புரதத்துக்கான டிஎன்ஏ வரிசை), புரதமா? வந்த ரெண்டு ஐடியையும் போடுங்க.

தாளடி: மெகாபிளாஸ்ட்ல (பிளாஸ்டோட வேகமான வகை) போட்டிருப்பீங்க. அதுல வேர்டு சைஸ் 28. அத்தனை எழுத்து இடைவிடாம பொருந்தினாத்தான் தேடலே தொடங்கும். பிளாஸ்ட்என்-க்கு மாத்துங்க, 11 போதும். வந்துடும்.

களஞ்சியம்: ஜீன் எந்த ரகத்துல இருக்குன்னு முதல்ல படிக்கணும் தம்பி. 2006ல் வந்த சப்1 கட்டுரையோட சுருக்கத்திலேயே பதில் இருக்கு. அதைக்கூடப் படிக்காம பிரைமர் ஆர்டரா?

வயல்வரப்பு: ராப்-டிபி (நெல் ஜீனோம் தளம்), நிப்பன்பாரே ரகம்தான். சிடிஎஸ். வந்தது ஓஎஸ்09ஜி0287000, ஓஎஸ்09ஜி0286600. சாம்பிள் சிஆர்1009 சப்1 ரகம்.

நாற்றங்கால்: கோளாறு எதுவும் இல்ல. உங்களுக்கு வந்தது சப்1பி, சப்1சி. அந்த ரெண்டும் எல்லா நெல்லிலும் உண்டு. நெல்லோட ரெண்டு பெரிய பிரிவுல, சப்1ஏ ஜப்பானிகாவில் கிடையாது, இண்டிகாவிலும் சிலதுல இல்ல. நிப்பன்பாரே ஜப்பானிகா. இல்லாத ஜீனைக் கேட்டா பிளாஸ்ட் அதன் உறவுக்கார ஜீனைத்தான் காட்டும். வேர்டு சைஸை எவ்வளவு குறைச்சாலும் இதுதான் வரும். உங்க ரகத்தின் சப்1 பகுதி வெள்ளம் தாங்கும் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது. அதனால என்சிபிஐ நியூக்ளியோடைடில் (பொது டிஎன்ஏ வரிசைத் தளம்) சப்1ஏ-1 வரிசையை எடுத்து, ஐஆர்64 ரகத்தோட ஜீனோம்ல பிளாஸ்ட் போடுங்க. ஐஆர்64ல் இருக்கிறது சப்1ஏ-2, வெள்ளம் தாங்காத அல்லீல் (ஒரே ஜீனோட மாற்று வடிவம்). 186ஆவது அமினோ அமிலம் அதுல புரோலின், சப்1ஏ-1ல் செரின். சிடிஎஸ்ஸில் 556ஆம் இடத்தில் சி இருந்தா தாங்காதது, டி இருந்தா தாங்குவது.

தாளடி: எம்எஸ்யூ (இன்னொரு நெல் ஜீன் பட்டியல்) ஐடியிலும் தேடிப் பாருங்க, எல்ஓசி_ஓஎஸ்09ஜி11480. பழைய கட்டுரைகள்ல பாதி அதுலதான் இருக்கு.

களஞ்சியம்: அது சப்1பி. எம்எஸ்யூ 7ஆம் பதிப்போட நிக்குது, இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?

தாளடி: ராப், எம்எஸ்யூ ரெண்டுக்கும் அடிப்படை வரிசை ஒண்ணுதான், நிப்பன்பாரேவோட ஐஆர்ஜிஎஸ்பி-1.0. ஜீன் மாடல்தான் வேற. பழைய மைக்ரோஅரே (ஜீன் செயல்பாட்டைச் சிப்ல அளக்கிறது) தரவை ராப் ஐடியில மட்டும் தேடிப் பாருங்க, பாதி விட்டுப்போகும்.

நாற்றங்கால்: எந்த ஐடின்னாலும் எண்ணைக் கையால மாத்தாதீங்க. உதாரணமா, பூக்கிறதோட தொடர்புள்ள எச்டி3ஏ ஜீன் ராப்ல ஓஎஸ்06ஜி0157700, எம்எஸ்யூ-வில எல்ஓசி_ஓஎஸ்06ஜி06320. எண்ணுக்கு எண் ஒத்தே வராது. ராப்-டிபியிலேயே கன்வெர்டர் இருக்கு.

பிரைமர் விஷயம்: ஏ, பி, சி மூணையும் அலைன் பண்ணி, ஏ-வில் மட்டும் மாறுற எழுத்து பிரைமரோட 3' முனையில் விழணும். நடுவில் இருக்கும் ஏபி2 டொமைனை (டிஎன்ஏ-வில் ஒட்டுற பகுதி) தொடாதீங்க, அங்க மூணும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பிரைமர்-பிளாஸ்ட்ல ஐஆர்64ஐ வச்சு சரிபாருங்க. பிசிஆர்ல நிப்பன்பாரே டிஎன்ஏ-வையும் ஓட்டுங்க, பேண்ட் வந்தா பிரைமர் பி-யையோ சி-யையோ பிடிச்சிருக்கு. சிஆர்1009 தாய் ரகமும் ஒரு லேன்ல இருக்கட்டும். பேண்ட் வந்ததை வச்சு மட்டும் தாங்கும் அல்லீல்னு எழுதிடாதீங்க, ஐஆர்64லும் வரும்.

வயல்வரப்பு: ஐஆர்64ல் வந்துடுச்சு. 556ல் சி. பழைய பிரைமர் டொமைனுக்குள்ள இருந்தது, மாத்தியாச்சு. நன்றி சார்.

தாளடி: களஞ்சியம், அந்த மைக்ரோஅரே கேள்விக்கு இன்னும் பதில் வரல.