படகு, கப்பலுக்கு டிஸ்ப்ளே வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்:

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் பெயின்ட், பலகை, என்ஜின் வேலையோடு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலியனுப்பி ஆழம் பார்க்கும் கருவி) மாற்றுவதும் இந்தச் சமயத்தில்தான். வாங்க வருபவர்கள் எத்தனை இன்ச், வெயிலில் தெரியுமா என்று இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். ஆனால் என் கைக்கு ரிப்பேருக்கு வரும் ஸ்கிரீன்களில் பெரும்பாலும் முன்கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின்பக்கம் போயிருக்கும். அதனால் கடையில் ஸ்கிரீனை ஆன் பண்ணச் சொல்வதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள்.

ஐபி65 என்று எழுதியிருக்கும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் குறியீடு அது. அந்தத் தடுப்பு முழு டிஸ்ப்ளேவுக்கா, முன்பக்கத்துக்கு மட்டுமா? பேனலில் பதிக்கிற மாடல்களில் முன்னால் ஐபி65, பின்னால் ஐபி22 என்று இருப்பது சாதாரணம். பெரிய கப்பலின் மூடிய பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், அது போதும். நம் படகில் கேபின் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். வாடைக்காற்று நாளில் தூவானம் நேராக உள்ளே வரும், ஐபி22 அதைத் தாங்காது. ஐபி67 இருந்தால் எல்லாவற்றுக்கும் மேல் என்று நினைப்பவர்களும் உண்டு. ஐபி67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கவைத்துப் பார்க்கும் சோதனை. டெக் கழுவும் பைப்பிலிருந்து வேகமாக அடிக்கும் தண்ணீர் வேறு விஷயம், அதற்கு ஐபி66 வேண்டும். இரண்டும் எழுதியிருந்தால் நல்லது.

அடுத்து கனெக்டர். திருகிப் பூட்டுகிற வகையா, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். வீட்டு டிவிக்குச் செருகுகிற மாதிரி ஹெச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் உப்பு ஏறி கனெக்டர் பின்களில் பச்சை பூத்துவிடும், அதிர்விலும் கழன்றுவரும். அலுமினிய பாடியில் ஸ்டீல் ஸ்குரூவை நேரடியாகப் போட்டால் அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். நைலான் வாஷர் கொடுத்து 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போடச் சொல்லுங்கள்.

‘மரைன் கிரேடு’ என்று பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சான்றிதழில் ஐஇசி 60945 (கப்பல் கருவிகளுக்கான சர்வதேசத் தரம்) இருக்கிறதா என்று கேளுங்கள். உப்புத்தூவல், 2 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அதிர்வு, 55 டிகிரி சூடு எல்லாம் அதில் சோதிக்கிறார்கள். மூடிய இடத்துக்கான வகையும் திறந்த வெளிக்கான வகையும் வேறு வேறு. எந்த வகை என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

காசிமேடு, விசைப்படகு டிரைவர்:

அண்ணே சொன்னதெல்லாம் சரி. நான் ராத்திரிக் கதையைச் சொல்கிறேன். போன படகில் ஓனர் ஆயிரம் நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் என்று சொல்லி ஒரு ஸ்கிரீன் வாங்கி மாட்டினார். பகலில் அருமையாகத் தெரிந்தது. ராத்திரியில் எவ்வளவு குறைத்தாலும் கேபின் முழுக்க வெளிச்சம். முன்கண்ணாடியில் என் முகம்தான் தெரியும், கடல் தெரியாது. துண்டைப் போட்டு மூடி, தேவைப்படும்போது தூக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். முழு இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு தடவை பளிச்சென்று ஸ்கிரீனைப் பார்த்தால் அத்தனையும் போச்சு. எதிரில் ஃபைபர் படகில் டார்ச் லைட்டை மட்டும் வைத்துக்கொண்டு வலை போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் அவர்கள் உயிருக்குத்தான் ஆபத்து. அதனால் இருட்டு அறையில் வைத்து, கடைசி வரைக்கும் குறைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

டச் ஸ்கிரீன் மட்டும் உள்ளது வேண்டாம். உப்புத் தண்ணீர் சொட்டினால் தானாகவே மேப் நகரும், ஈரக் கைக்கும் கேட்காது. பட்டன் இருக்கட்டும். போலராய்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் அதைப் போட்டபடியே தலையைச் சாய்த்துப் பாருங்கள், சில ஸ்கிரீன் அப்படியே கறுத்துவிடும்.

எண்ணூர், டக் (கப்பலை இழுக்கும் படகு) எலக்ட்ரீஷியன்:

எங்கள் பக்கம் உப்போடு நிலக்கரித் தூசியும் சேரும். ஃபேன் வைத்த மானிட்டரைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பிசுக்கு படிந்திருக்கும். ஃபேன் இல்லாமல் பாடி வழியாகவே சூட்டை வெளியேற்றும் மாடல்தான் எங்களிடம் நிற்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் காற்றோட்டம் வேண்டும், பலகையோடு ஒட்டி மாட்டக் கூடாது. கத்திரி வெயிலில் நேர் வெயில் படுகிற ஸ்கிரீனில் நடுவில் கறுப்புத் திட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். எல்சிடி அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று அர்த்தம், ஆறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளிச்சம் கூடக் கூட சூடும் கூடும், இதை யோசித்து நிட்ஸ் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் பிரிட்ஜில் ஏசி. கதவைத் திறந்தால் வெளியே புழுக்கம், சாதாரண ஸ்கிரீனில் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்துவிடும். கண்ணாடிக்கும் எல்சிடிக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் பசை நிரப்பி ஒட்டியதில், அதாவது ஆப்டிகல் பாண்டிங் செய்ததில், இந்தத் தொல்லை இல்லை. வெயில் கூச்சமும் குறைவு. விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

தண்டையார்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்:

டிரைவர் தம்பி சொன்ன இருட்டுச் சோதனையை நானும் இனி எல்லோரிடமும் சொல்வேன். கரண்ட் பற்றியும் ஒன்று. என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்கும், அதில் ஸ்கிரீன் ஆஃப் ஆகித் திரும்ப வருவதே பல போர்டுகளைக் கெடுக்கிறது. 10 முதல் 32 வோல்ட் வரை ஏற்கிற மாடல் எடுங்கள், ஃபியூஸ் தனியாகப் போடுங்கள். திசைகாட்டி பக்கத்தில் மாட்டுவதாக இருந்தால் லேபிளில் காம்பஸ் சேஃப் டிஸ்டன்ஸ் (திசைகாட்டி தவறாகக் காட்டாமலிருக்க விடவேண்டிய தூரம்) எவ்வளவு என்று பார்த்து, டேப்பில் அளந்த பிறகு துளை போடுங்கள்.