புதிய கலை, கட்டடக்கலை நூல்களில் எவற்றை வாங்கலாம்?

கேள்வி (நூலகர், திருப்பாலை, மதுரை):
வணக்கம். பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் புதிய கலை, கட்டடக்கலை நூல்களின் பட்டியல் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்திருக்கிறது. கெட்டி அட்டைப் பதிப்புகளின் விலை மிக அதிகம் என்பதால், இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் இரண்டு மூன்று நூல்களையே வாங்க முடியும். நாயக்கர் காலக் கட்டடங்களைப் படிக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் நூலை, கையில் எடுத்துப் புரட்டாமல் எவ்வாறு தெரிவு செய்வது? மின்னூல் போதுமா?

மறுமொழி 1 (கட்டடக்கலை ஆசிரியர்):
வணக்கம் அம்மா. பின்னட்டைப் புகழுரையை நம்ப வேண்டாம். பதிப்பகத்தின் தளத்தில் பொருளடக்கத்தைப் பாருங்கள். அளவெடுத்து வரைந்த தரைப்படங்களும், கட்டடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் உள்ளமைப்பைக் காட்டும் வெட்டுத்தோற்றங்களும் நூலில் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். நான் எந்த நூலையும் திருமலை நாயக்கர் மகாலை வைத்தே சோதிப்பேன். 1636இல் கட்டப்பட்டதாகக் கூறப்படும் அந்த அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது. அதுவும், நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது மேற்கொள்ளப்பட்ட பெரும் பழுதுபார்ப்பில், ராபர்ட் சிஸம் என்ற கட்டடக்கலைஞரின் கைபட்டது. செங்கல்லிலும் சுண்ணச்சாந்திலும் அமைந்த அந்தத் தூண்களிலும் வளைவுகளிலும் 17ஆம் நூற்றாண்டு வேலை எது, 19ஆம் நூற்றாண்டு வேலை எது என்று பிரித்துக் காட்டாமல், அனைத்தையும் ஒரே பாணிப் பெயருக்குள் அடக்கிவிடும் நூலை வாங்குமாறு நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி 2 (சிற்பக்கலை ஆய்வு மாணவி):
ஆசிரியர் ஐயா சொன்னதுடன், ஒளிப்படங்கள் எப்போது எடுக்கப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம் இதற்கு நல்ல சான்று. தையல் கடைகளும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்திருந்த காலத்துப் படங்களில், நாயக்க மன்னர்களின் சிலைகள் உள்ளிட்ட தூண்களின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் மறைந்தே இருக்கும். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பின் எடுத்த படங்கள் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே நூலை வாங்கலாம். மின்னூலில் எச்சரிக்கை தேவை: பட உரிமை கிடைக்காததால், அச்சுப் பதிப்பில் உள்ள சில படங்கள் அதில் நீக்கப்பட்டிருக்கக்கூடும்.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற நூலகர்):
இத்தகைய நூல்கள் பல, முதலில் நூலகங்களுக்கென்று கெட்டி அட்டையில் வந்து, ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் மெல்லட்டையில் வெளிவருகின்றன. சிலவற்றுக்கு விலை குறைந்த இந்தியப் பதிப்பும் உண்டு. அவசரமில்லாதவற்றுக்குக் காத்திருக்கலாம். கலை வரலாற்றாசிரியர் கிரிஸ்பின் பிரான்ஃபுட்டின் ‘காட்ஸ் ஆன் த மூவ்’ (2007) என்ற ஆங்கில நூல் உங்களிடம் இல்லையென்றால், புதியவற்றுக்கு முன் அதைத் தேடுங்கள். கோயில் மண்டபங்களின் அமைப்பைத் திருவிழாவோடும் சுவாமி புறப்பாட்டோடும் சேர்த்து அது விளக்குகிறது. வைகாசி வசந்த விழாவுக்காக எழுந்த புதுமண்டபத்தைப் புரிந்துகொள்ள மாணவர்களுக்கு அந்தப் பார்வை கட்டாயம் வேண்டும். மிக விலை உயர்ந்த நூலை, நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பரிந்துரைத்து எழுதுங்கள். அங்கு வாங்கினால் எல்லாக் கல்லூரி மாணவர்களும் சென்று படிக்க இயலும்.