புதுப்பிப்பு: இரட்டைத்தலை அரக்கன் ஆட்டத்தில் யார் தடுக்கலாம்?

போன வாரம் ஒரு சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். மேஜிக் சீட்டாட்டத்தின் இரட்டைத்தலை அரக்கன் வகை, அதாவது அணிக்கு இரண்டு பேராக இரண்டு அணிகள்; எதிரணியின் பறக்கும் டிராகனை என் கூட்டாளியின் சிலந்தி தடுத்தது. "அது உன்னைத்தானே தாக்குது, அவன் எப்படித் தடுப்பான்?" என்று எதிரே இருந்தவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உயிர்ப்புள்ளியை விட்டுக்கொடுத்துத் தொலைத்தேன்.

விதிநூலைப் பார்த்துவிட்டேன். தடுத்தது சரிதான்! தாக்கும் அணி இருவரும் ஒரே சண்டைக் கட்டத்தில் சேர்ந்து தாக்குவார்கள், தடுப்பதும் அணியாகத்தான். மெனஸ் என்ற திறன் உள்ள மிருகத்தைக் குறைந்தது இரண்டு மிருகங்கள் சேர்ந்துதான் தடுக்க முடியும் இல்லையா? அதற்கு என் பூதம் ஒன்றும் அவன் சிலந்தி ஒன்றும் போதும். இது தெரிந்திருந்தால் இரண்டாவது ஆட்டமும் போயிருக்காது.

உயிர் அணிக்குப் பொதுவாக 30. அணி தோற்க விஷக் குறி வழக்கமான 10 அல்ல, 15 சேர வேண்டும். ஆனால் மனாவும் (சீட்டை ஆடச் செலவழிக்கும் சக்தி) கைச்சீட்டும் அவரவருக்கு. "ஒவ்வொரு எதிரியும் 1 உயிர் இழப்பார்" என்ற சீட்டு, எதிரே இரண்டு தலை இருப்பதால், 2 உயிரைப் பிடுங்கும். அதையும் நாங்கள் 1 என்றே கழித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுஆட்டம் கேட்டிருக்கிறேன். சிலந்தி வருகிறது.