புதுப்பிப்பு: மன்றத்தின் செய்தி மடலும் கூட்டமும்

எங்கள் கிராம மன்றத்தின் மாதச் செய்தி மடலை யாரும் படிப்பதில்லை, கூட்டத்துக்கும் ஆள் சேர்வதில்லை என்று முன்பு எழுதி யோசனை கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது. பலர் சொன்னபடி, நன்றியுரைகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, வரவு செலவுக் கணக்கையும் அடுத்த கூட்டத்தின் நாள், நேரம், பேசவிருக்கும் பொருள் ஆகியவற்றையும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டோம். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டிய தாளில், கணக்கின் ஒரு வரிக்கு அருகே யாரோ பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பொருளாளருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கோ அதைவிட நல்ல விமர்சனம் இதுவரை வந்ததில்லை. அதைப் பற்றிக் கேட்கவென்றே சிலர் வந்ததால், கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் இருமுறை ஒத்திவைத்த நிர்வாகிகள் தேர்தலை ஒருவழியாக நடத்தி முடித்தோம். மாலை நேர விளையாட்டு மட்டும் இன்னும் தொடங்கவில்லை. கைப்பந்து வலை இருக்கும் அறையின் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.