ஆபரேஷனுக்கு அரசு பணம் கொடுத்தது, அதுக்கப்புறம்?

அப்பா, மகளுக்குக் கல்லீரல் மாற்று:
பொறக்கும்போதே பொண்ணுக்குப் பித்தநாள அடைப்பு. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், காமாலை இறங்கவே இறங்காது. பித்தம் வடியறதுக்காகக் குடலைக் கல்லீரலோட இணைக்கற 'கசாய்' ஆபரேஷனை 60 நாளுக்குள்ள பண்ணினா பலன் அதிகம்பாங்க. பண்ணினோம், பித்தம் சரியா வடியல. கடைசியில அவ அம்மாவோட கல்லீரல்ல இடது ஓரத் துண்டை எடுத்து வெச்சாங்க.

செலவு மொத்தமும் அரசுதான். அது இல்லேன்னா பொண்ணு இல்ல, அதுல மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனா வந்தது ஒரு பேக்கேஜ். டிஸ்சார்ஜோட கணக்கு முடிஞ்சுது. வெச்ச கல்லீரலை உடம்பு ஒதுக்காம இருக்கத் தர்ற டாக்ரோலிமஸ் மருந்து முடியாதே! காலையும் ராத்திரியும் மணி தவறக் கூடாது. ரத்தத்துல மருந்தோட லெவல் குறைஞ்சா உடம்பு கல்லீரலை ஏத்துக்காது, கூடினா கிட்னிக்கு ஆபத்து. ரெண்டு நாள் வயித்தால போனாலே லெவல் ஏறிடும், திரும்ப ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். எடை கூடக் கூட டோஸும் மாறும்.

மருந்துச் செலவு கேட்டுப் போனப்ப அலுவலகத்துல ஒருத்தர், "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சுதே சார், இன்னும் என்ன?"ன்னார். நல்ல மனுஷர்தான். அவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார், எங்க ஃபைல் பக்கத்துல பச்சைக் கலர்ல 'நிறைவுற்றது'.

அம்மா, மகனுக்குக் கல்லீரல் மாற்று:
அண்ணா, நீங்க மருந்தைச் சொன்னீங்க, எங்களை வாட்டினது தூரம். இங்கிலாந்துலயே குழந்தைகளுக்குக் கல்லீரல் மாத்தற இடம் மூணுதான்: பர்மிங்ஹாம், லீட்ஸ், லண்டன். அப்படித்தான் இருக்கணும், எப்பவோ ஒண்ணு பண்ற இடத்துல பிள்ளையைக் கொடுக்க எனக்கு தைரியம் வராது. ஆனா ஆபரேஷன் நடக்கற ஊர்லயே மாசக்கணக்குல தங்கற வாடகை, வேலைக்குப் போகாம இழந்த சம்பளம், இதெல்லாம் எந்தத் திட்டத்துல வருது? கல்லீரல் கொடுத்தது எங்க வீட்டுக்காரர். ஒரே நேரத்துல வீட்டுல ரெண்டு நோயாளி, பார்த்துக்க நான் ஒருத்தி.

ஒண்ணு உதவுச்சு. அப்ரூவல் கடிதத்துலயே 'வாழ்நாள் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையின் பகுதி'ன்னு சர்ஜன்கிட்ட எழுதி வாங்கினோம். அதைக் காட்டித்தான் அடுத்த விண்ணப்பம் நகர்ந்தது.

அப்பா, மகனுக்குக் கிட்னி மாற்று:
அந்தக் கடிதத்தை நாங்களும் வாங்கி வெச்சிருக்கோம். பையனுக்கு இப்போ 18 ஆகுது, குழந்தைகள் திட்டத்துல இருந்து பேர் எடுத்துடுவாங்களாம். மாத்திரையை டிமிக்கி கொடுக்கற வயசே இதுதான், வெச்ச உறுப்பு கெட்டுப் போறதும் இந்த வயசுலதான் அதிகம். பெரியவங்க திட்டத்துக்கு மாறும்போது நடுவுல மருந்து நிக்காம யாராவது சமாளிச்சிருக்கீங்களா?