முதனிலை மிகை இருந்தும் பாதீட்டில் பற்றாக்குறை ஏன்?

உவர்மலை வாசி (கேள்வி):
திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பித்து வருகிறேன். 2024ஆம் ஆண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.2 சதவீதம் முதனிலை மிகையாகக் கிடைத்தது. ஆயினும் 2025 பெப்ரவரி 17 அன்று சமர்ப்பிக்கப்பட்ட பாதீட்டில் 6.7 சதவீதப் பற்றாக்குறை மதிப்பிடப்பட்டது. மிகை வந்த பின்னரும் எதற்காக 18 சதவீதப் பெறுமதி சேர் வரியைச் செலுத்த வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இனி வரியை உயர்த்துவது தகுமா, செலவைக் குறைப்பது தகுமா என்பதிலும் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கொட்டியாரக்குடா:
முதனிலை மீதியைக் கணிக்கும்போது வட்டிச் செலவு சேர்க்கப்படுவதில்லை என்பதே முதல் வினாவுக்கான விடை. வட்டியைச் சேர்த்தவுடன் அந்த மிகை பற்றாக்குறையாக மாறிவிடுகிறது; 2021இல் அரசாங்க வருமானத்தின் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதியை வட்டி மட்டுமே விழுங்கியது. இந்த நிலைக்கு நீண்டகாலக் காரணங்கள் உண்டு என்றாலும், 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, அவ்வரிக்குப் பதிவுசெய்வதற்கான ஆண்டுப் புரள்வு (மொத்த விற்பனை) எல்லையை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்த்தி, சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கப்பட்ட வரியையும் அகற்றிய தீர்மானத்தை நான் முதலாவதாகக் குறிப்பிடுவேன். பெருந்தொற்று அதன் பின்னரே வந்தது. மத்திய வங்கி பணம் அச்சிட்டுப் பள்ளத்தை நிரப்பியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் இடைநிறுத்தப்பட்டன. ஆகவே மீண்டும் ஒரு வரிக் குறைப்பை எவர் வாக்குறுதியளித்தாலும் நான் அஞ்சுவேன். குறைக்க வேண்டியது அரச ஊழியர் எண்ணிக்கையையே.

நிலாவெளிக் கரை:
கணக்கு சரியானது, ஆனால் அதை யார் சுமந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மானியத்தை நீக்கியது வரவு செலவுக்கு நியாயமாக இருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் மீன்பிடித் தொழில் செய்யும் எங்கள் கரையோரத்தவருக்கு அது கடலுக்குப் போவதா, விடுவதா என்ற கேள்வியாயிற்று. 2024 ஜனவரியில் வரி 18 சதவீதமானபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. சம்பளம் பெறுவோரின் வரியற்ற எல்லை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து 2025 ஏப்ரலில் ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால் எங்கள் வீட்டாருக்கு அந்த எல்லையால் பயனில்லை, அவர்கள் வரி கட்டுவது கடையில் பொருள் வாங்கும்போதுதான். பற்றுச்சீட்டுத் தராமல் பெருந்தொகை ஈட்டும் தனியார் தொழில்வாண்மையாளர்களையும் மொத்த வியாபாரிகளையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் முறையாகப் பதிவுசெய்யுமானால், வீதத்தை உயர்த்தாமலேயே வருமானம் பெருகும் என்பது என் துணிபு.

மூதூர்ப் பார்வை:
சகோதரர் கொட்டியாரக்குடாவின் இறுதி வரியை நான் ஏற்கவில்லை. மாகாண மட்டத்தில் சம்பளச் செலவின் பெரும்பகுதி ஆசிரியர்களுக்கும் வைத்தியசாலைப் பணியாளர்களுக்கும் உரியது. அவர்களைக் குறைப்பதென்றால் மூதூரிலும் வெருகலிலும் ஏற்கெனவே வெற்றிடமாக உள்ள இடங்களை அப்படியே விட்டுவிடுவது என்றே பொருளாகும்.

2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த செலவினத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீத உச்சவரம்பு விதித்துள்ளது. அதே காலத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தவும் தீர்மானிக்கப்பட்டது, அது அவசியமானதே. உச்சவரம்பு அசையாது, சம்பளமும் ஓய்வூதியமும் அசையா என்றால், வெட்டு விழக்கூடியது மூலதனச் செலவில் மட்டுமே: வீதி, குளக்கட்டு, பாடசாலைக் கட்டடம். இன்று போற்றப்படும் மிகையில் கணிசமான பகுதி இவ்வாறு செய்யப்படாத வேலைகளால் ஆனது.

மாகாணங்களின் சொந்த வருமானமும் சுருங்கிவிட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு 2011 முதல் மாகாண சபைகளுக்கு வந்துகொண்டிருந்தது. 2019 டிசம்பரில் அந்த வரியே நீக்கப்பட்டது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்ததிலிருந்து, இதைத் தட்டிக்கேட்க மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் அங்கே இல்லை.

கொட்டியாரக்குடா:
ஆசிரியர், தாதியர் பற்றிய மறுப்பை ஏற்கிறேன். நான் கருதியது இலங்கையின் அளவுக்குப் பொருந்தாத பாதுகாப்புப் படைகளையும், நட்டத்தில் இயங்கும் கூட்டுத்தாபனங்களையுமே. மூலதனச் செலவைப் பொறுத்தவரை இன்னொரு விடயத்தைக் கவனியுங்கள்: பாதீட்டில் ஒதுக்கப்படும் தொகையும் ஆண்டிறுதியில் உண்மையில் செலவாகும் தொகையும் ஒன்றல்ல. திறைசேரி கட்டுநிதியை (வேலைகளுக்கான பணத்தை) தாமதித்து விடுவிப்பதால் ஒக்டோபரில் கேள்விப்பத்திரம் கோரி, மாரி மழையில் வேலை தொடங்கி, டிசம்பரில் பணம் திரும்பிப் போவது கிழக்கில் வழமை. உவர்மலை நண்பர் வகுப்பில் ஒதுக்கீட்டு அட்டவணையை மட்டும் காட்டாமல், நிதி அமைச்சின் ஆண்டறிக்கையிலுள்ள உண்மைச் செலவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், மாணவர்களின் கேள்விக்குப் பாதி விடை அந்த இடைவெளியிலேயே கிடைக்கும்.

உவர்மலை வாசி:
அனைவருக்கும் நன்றி. அவ்வாறே இரண்டு நிரல்களாக எடுத்துச் செல்கிறேன். வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டதால் பெருகும் வரி வருமானம் நிலைக்கக்கூடியதா என்பதைத் தனியாகக் கேட்கிறேன்.