பிரிந்து சென்ற தாயைப் பற்றிய நல்ல நாவல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். குடிக்கு அடிமையாகிப் பிள்ளைகளை விட்டுச் சென்ற தாய், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவதைச் சொல்லும் நாவல் ஒன்றை வாசித்து ஏமாந்தேன். மூத்த மகள் தம்பிக்குத் தலைவாரிவிடும் முதல் அத்தியாயம் அருமை. ஆனால், நெடுநாள் குடித்தவர் நிறுத்தும்போது வரும் கைநடுக்கம், உறக்கமின்மை, மீண்டும் குடித்துவிடும் சறுக்கல் எதையும் காட்டாமல், ஒரே இரவில் அவளைத் திருத்தி, ஒரே கடிதத்தில் பிள்ளைகளை மன்னிக்க வைத்திருப்பது ஆசிரியரின் சோம்பலாகவே எனக்குப் படுகிறது. 2020இல் புக்கர் பரிசு பெற்ற, டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் 'ஷக்கி பெய்ன்' நாவலை ஏற்கெனவே வாசித்துவிட்டேன். பிரிந்து சென்ற தாயின் தரப்பைப் பழிக்காமலும் நியாயப்படுத்தாமலும் பேசும் நாவல்கள், தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ இருந்தால் பரிந்துரைக்க வேண்டுகிறேன். மன்னிப்பில் முடியாத கதையென்றால் இன்னும் மகிழ்ச்சி.